பஜாக் கடை திருப்பி அனுப்பிய காசு

1. சம்பந்தியின் கை

மூசை சிவந்த பிறகு எங்கள் பத்தர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். தங்கம் உருக்கும் அந்தச் சின்ன மண் கிண்ணத்தைக் கேஸ் அடுப்பில் சூடேற்றிவிட்டு, "குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தில் இருக்கும் தங்கத்தை எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் "குடுங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். தங்கம் தாம்பாளத்திலேயே கிடந்தது. அதன் மேல் பெண்ணின் அப்பாவுடைய கை இருந்தது.

நான் முன் கவுண்டரில் ஒரு பழைய வளையலை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி மெதுவாக வந்து, "பிலோ, உள்ள போ. பொன்னுருக்குல தகராறு" என்றார். தகராறு என்றால் என்னை உள்ளே அனுப்புவார். சமாதானம் ஆன பிறகு எல்லாருக்கும் குடிக்க மைலோ சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு அவர் வருவார். இருபது வருடத்துக்கு மேலாக எங்களுக்குள் இதுதான் வேலைப் பங்கீடு.

என் பெயர் பிலோமினா. ஈப்போவில் ஒரு நகைக்கடையில் பழைய தங்கம் வாங்கும் கவுண்டருக்கு நான் பொறுப்பு. "புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்குப் பொற்காசு வந்தா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று முதலாளி கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் முடியாது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பேப்பர் விலையைப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பொன்னுருக்கு என்றால் என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டுத் தங்கத்தை இரண்டு வீட்டார் முன்னாலும் உருக்கித் தாலி செய்யக் கொடுப்பார்கள். முன்பு பத்தர் வீட்டுக்கே போவார். இப்போது எல்லாரும் அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள், அடுப்பைப் பற்றவைத்தால் மேல்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அதனால் நம் கடையின் பின்னறையில் சாமி படங்கள், குத்துவிளக்கு, பாய் எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் இத்தனை வருடத்தில் எந்தச் சடங்குக்குப் பிறகு எதைக் கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

அன்றைக்கு வந்திருந்தது சுங்கை சிப்புட் லெட்சுமி அக்கா குடும்பம். அக்காவுக்கு ஜெலாப்பாங்கில் ரப்பர் கையுறை செய்யும் பேக்டரியில் வேலை. கணவர் முனியாண்டி அண்ணன் லாரி ஓட்டுகிறார். ஒரே மகன் தினேஷுக்குக் கல்யாணம். பெண் வீடு காம்பார். பெண்ணின் அப்பா தனபாலன் அண்ணன் அங்கே யூனிவர்சிட்டி பக்கத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறார். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அவர்தான் தாம்பாளத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத உருக்கக் கூடாது" என்றார்.

நல்ல காரியத்தில் பெண்ணின் அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுற்றி உட்கார்ந்திருந்த சுமங்கலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லெட்சுமி அக்கா கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்தார்.

"ஏன் சம்பந்தி? எங்க தங்கம் மட்டமா?"

"ஐயோ, அப்படி இல்ல சம்பந்தியம்மா. ரொம்ப உசத்தி."

"உசத்தின்னா தாலிக்கு ஆகாதா?"

அதற்குத் தனபாலன் அண்ணன் கையை மட்டும் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். வட்டமான கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பொற்காசு. ஏதோ நாட்டு விழாவுக்காக அடித்த நினைவு நாணயம். பக்கத்தில் வெல்வெட் பெட்டி, சர்டிபிகேட்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. தனபாலன் அண்ணன் கல்யாணம் ஆன நாளிலிருந்து நினைவு நாணயம் சேர்க்கிறவர். இந்த வரிசையில் பத்துப் பொற்காசு வைத்திருக்கிறார். பதினோராவதுதான் இந்தக் காசு. விண்ணப்பம் அதிகமாகிக் குலுக்கல் போட்டபோது அவர் பெயர் விழவில்லை. அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். சம்பந்தி வீட்டில் ஒரு தங்கக் காசை உருக்கப் போகிறார்கள் என்று மட்டும் தெரியும், சாதாரண மான் படம் போட்ட காசாக இருக்கும் என்று நினைத்து நிம்மதியாக வந்துவிட்டார். தாம்பாளத்தில் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

லெட்சுமி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதெல்லாம் சரி சம்பந்தி. என் மருமக கழுத்துல இந்தத் தங்கம்தான் ஏறணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

கதவோரத்தில் நின்ற முதலாளி எல்லாப் பழியையும் என் தலையில் போட்டார். "பிலோ, நீ சொல்லு. இது கலெக்ஷனா, வெறும் தங்கமா? கலெக்ஷன்னா வேற தங்கம் பார்ப்போம். வெறும் தங்கம்னா உருக்கிடலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

2. நம் கவுண்டரில் ஒரு காசுக்கு என்ன மரியாதை

இந்த இடத்தில் பிள்ளைகளே, தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மான் படம் போட்ட காசு மாதிரி உள்ளவை முதலீட்டுக்கென்றே அடிப்பவை. அன்றைய தங்க விலைக்கு வாங்குகிறார்கள், அன்றைய தங்க விலைக்கு விற்கிறார்கள். அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நினைவு நாணயம்தான் நம் உயிரை வாங்கும். அதைத் தங்க விலைக்கு மேலே நல்ல தொகை வைத்து விற்பார்கள். ப்ரூஃப் என்று சொல்வார்கள். அடித்தளம் முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கும், உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் மங்கலாக நிற்கும். வாங்கியவர் அந்த மேல் தொகையையும் சேர்த்து ஒருநாள் திரும்ப எடுத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். காசைப் பெட்டியோடு தராசில் வைத்துவிட்டு, "அப்படியே நிறுத்துடு தாயி" என்றார். "பெட்டி தங்கம் இல்லைங்களே" என்றேன். "அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தானே வித்தவன் என்கிட்ட பணம் வாங்கினான்" என்றார். கேள்வி நியாயமானது. ஆனாலும் நம் கவுண்டரில் பிளாஸ்டிக் கூட்டைப் பிரிப்போம், எடை போடுவோம், எக்ஸ்ரே மெஷினில் மாற்று, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்று பார்ப்போம், தங்கத்துக்கு விலை போடுவோம். காசில் செதுக்கிய பறவைக்கும் பூவுக்கும் விலை போட நம்மிடம் தராசு கிடையாது. இதைச் சொல்லும்போது முகத்தைச் சுளிக்காமல் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிரில் நிற்பவருக்கு அது வயிற்றில் அடிக்கிற விஷயம்.

அன்றைக்கு அந்தக் காசை மெஷினில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஆனால் சாமி முன்னால் வைத்த பொன்னுருக்குத் தங்கத்தை எடுத்து மெஷினுக்குள் தள்ளினால் லெட்சுமி அக்கா என்னையே மூசையில் வைத்துவிடுவார். அதனால் இன்னொரு வழிக்குப் போனேன்.

3. அங்கிள் லியோங்கின் தீர்ப்பு

பழைய டவுனில் நாணயம், தபால்தலை விற்கும் அங்கிள் லியோங்குக்குப் போன் போட்டேன். தோட்டத்துப் பக்கம் அவர் அப்பா மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எனக்குப் பின்னால் யாரும், நானே எதையோ கூட்டிச் சொன்னேன் என்று பேசக் கூடாது.

"என்னா காசு பிலோ? ஓ, அந்தப் பறவை போட்டதா. தங்க விலை குடுப்பேன்லா. பொட்டி நல்லா இருந்தா ஒரு கோப்பி வாங்கித் தாரேன்."

தனபாலன் அண்ணன் போனுக்கு அருகே குனிந்தார். "அங்கிள், காட்டலாக்ல ரெண்டு மடங்கு போட்டிருக்கே."

"அப்படியா? அப்ப காட்டலாக்கிட்டயே வித்துடுலா."

பின்னறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தனபாலன் அண்ணன் மனைவி மல்லிகா அக்காவின் சிரிப்புதான் கொஞ்சம் அதிகச் சத்தம். அங்கிள் லியோங் நல்ல மனிதர், உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. முந்தி தங்கம் மலிவு. அப்ப இந்தக் காசுக்குத் தனியா ஒரு விலை இருந்திச்சு. இப்ப தங்கம் ஏறி ஏறி அந்த விலையை முழுங்கிடுச்சு. வாரவன் எல்லாம் எத்தனை கிராமுன்னுதான் கேக்கறான். பறவை என்னா பறவைன்னு ஒருத்தனும் கேக்கல."

போனை வைத்ததும் லெட்சுமி அக்கா பத்தரைப் பார்த்தார். "கேட்டீங்கல்ல? வெறும் தங்கம்தான். போடுங்க."

"இருங்க சம்பந்தியம்மா" என்றார் தனபாலன் அண்ணன். அவருடைய கை இன்னும் தாம்பாளத்தை விட்டுப் போகவில்லை. "என் பத்துக் காசுல ரெண்டு தாரேன். இதே எடை, இதே மாத்து. ரெண்டையும் உருக்கிக்குங்க. இத மட்டும் எனக்கு விட்டுடுங்க."

ஒன்றுக்கு இரண்டு. கடையில் ஒருவரும் இப்படி ஒரு பேரத்தை என்னிடம் பேசியதில்லை. ஒரு காசு கலெக்ஷனா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்காவது அது தங்கத்தைவிட இரண்டு பங்கு பெறும். அந்த மனிதர் நம் பின்னறையில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சுமங்கலிகளில் மூத்தவர் ஆட்சேபம் சொன்னார். "பொண்ணு வீட்டுத் தங்கத்துல தாலியா? ஊரு சிரிக்கும்லா."

அதற்கு என்னிடம் வழி இருந்தது. முனியாண்டி அண்ணன் இந்தக் காசைக் கவுண்டரில் கொடுத்து இரண்டு காசு எடைக்குக் கடைத் தங்கமாக மாற்றிக்கொள்ளட்டும். கவுண்டரில் வாங்கினால் அது மாப்பிள்ளை வீட்டுத் தங்கம்தான், பில்லும் அவர் பேரில் போட்டுக்கொள்ளலாம். தனபாலன் அண்ணன் அவர் காசுகளைக் கடைக்குக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளட்டும். நான் இதைச் சொன்னபோது கதவோரத்தில் முதலாளி முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஒரே காசுக்கு இரண்டு வியாபாரம்.

முனியாண்டி அண்ணன் முகமும் மலர்ந்தது. "நல்ல யோசனைதான் லெட்சுமி. ஒண்ண உருக்கினாலும் ஒண்ணு மிச்சம்லா."

லெட்சுமி அக்கா திரும்பி அவரைப் பார்த்தார்.

"அந்த மிச்சம் எங்க போய் உக்காரும்னு எனக்குத் தெரியாதா?"

முனியாண்டி அண்ணன் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்தார்.

4. அக்கா காசு வாங்கிய கதை

"நான் இத ஏன் வாங்கினேன்னு யாரும் கேக்கலியே" என்றார் லெட்சுமி அக்கா. பத்தர் அடுப்பைத் தணித்துவிட்டார். அவருக்கும் கதை பிடிக்கும்.

தினேஷ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். பேக்டரியில் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு ஆளுக்கொரு தடவை எடுக்கும் சீட்டில் அக்காவின் முறை வந்தது. கையில் மொத்தமாகப் பணம். மகன் கல்யாணத்துக்கு ஏதாவது தங்கம் வாங்கிவைக்க வேண்டும் என்று ஆசை.

"சங்கிலி வாங்கினா ஸ்கூல் திறக்கற மாசம் பஜாக் கடைக்குப் போயிடும். வளையல் வாங்கினா லாரி டயருக்குப் போயிடும். எங்க வீட்டு நகைக்கெல்லாம் அந்தக் கடைக்கு வழி தெரியும் பிலோ. தானா நடந்து போகும். என் தாலியே எத்தனை தடவ போயிருக்கு. மஞ்சக் கயித்தைக் கழுத்துல போட்டுக்கிட்டு பேக்டரிக்குப் போயிருக்கேன். சூப்பர்வைசர் கேட்டா, வேண்டுதல்னு சொல்லுவேன்."

அடகுக் கடையைத்தான் இங்கே பஜாக் கடை என்கிறோம். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மல்லிகா அக்காவின் கை அவரையறியாமல் தன் தாலிக்குப் போனது. என் கழுத்தில் இருக்கும் சிலுவைத் தாலியும் ஒரு காலத்தில் அந்த வழி போய் வந்ததுதான்.

"அப்பதான் பேங்குக்குப் போனேன். இந்தக் காசுக்குப் பேர் எழுதறாங்கன்னு ஒட்டியிருந்திச்சு. கவுண்டர்ல இருந்த தம்பிக்கிட்ட, இத பஜாக்குல வைக்கலாமான்னு கேட்டேன். அது பாவம், நான் வாங்காம போயிடுவேன்னு நெனச்சு, 'நிறைய இடத்துல எடுக்க மாட்டாங்கக்கா, இது ஞாபகார்த்தமா வச்சுக்கறது'ன்னு தயங்கித் தயங்கி சொல்லிச்சு. அப்ப எனக்கு இதுதான் வேணும், பேர எழுதுன்னேன். குலுக்கல்ல என் பேரும் விழுந்திடுச்சு."

இந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எவ்வளவோ பேர் பொற்காசு வாங்கிய காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். விற்க முடியாது என்பதற்காகவே ஒருவர் வாங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உண்மையிலயே எடுக்க மாட்டேன்னுட்டாங்களா?" என்று தனபாலன் அண்ணன் கேட்டார். கேள்வி முனியாண்டி அண்ணனைப் பார்த்து.

முனியாண்டி அண்ணன் காற்றாடியை விட்டுக் கீழே இறங்கினார். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட சிரிப்பு. "ரெண்டு தடவ கொண்டுபோனேன் சம்பந்தி. ரெண்டு தடவையும் அந்தக் கடைக்காரன் பொட்டியத் திறந்து பார்த்தான். 'சங்கிலி போலே, வளையல் போலே, இது தாக் போலே'ன்னு தள்ளிவிட்டுட்டான். சங்கிலி, வளையல்னா எடுப்பானாம், இது மட்டும் முடியாதாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இது கவர்மெண்டு காசுடான்னேன். அப்ப கவர்மெண்டுகிட்டயே கொண்டுபோன்னுட்டான்."

சுமங்கலிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தனபாலன் அண்ணனும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எங்க வீட்டுக்குள்ள வந்து வெளியே போகாம இருந்த தங்கம் இது ஒண்ணுதான்" என்று முடித்தார் லெட்சுமி அக்கா. "அதனாலதான் சொல்றேன். என் மருமகளுக்கு இதுலதான் தாலி செய்யணும். நீங்க ரெண்டு இல்ல, பத்தையும் குடுத்தாலும் வேணாம்."

தனபாலன் அண்ணன் தாம்பாளத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

5. ஏற்றுமதித் தரம்

கையை எடுத்தவர் எழுந்து போகவில்லை. "ஒரே ஒரு தடவ வெளிய எடுத்துப் பார்க்கட்டுமா? நான் இத படத்துலதான் பார்த்திருக்கேன்" என்று கேட்டார். ஐஸ்கிரீம் கடை முன்னால் நிற்கும் பிள்ளையின் குரல் அது.

"தாராளமா பாருங்க சம்பந்தி. நேரம் இருக்கு."

எடுக்கப் போனவர் தயங்கினார். "கையுறை இல்லியே. வெறும் கையால தொட்டா கறை பிடிக்கும்."

இன்னும் சில நிமிடத்தில் உருகப் போகிற காசுக்குக் கறை பிடித்தால் என்ன என்று எனக்கு வாய் வரை வந்தது. லெட்சுமி அக்கா கைப்பையைத் திறந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினார். பேக்டரிக்காரர்கள் கைப்பையில் அது இல்லாமல் இருக்காது.

"பவுடர் போட்டதா?" என்று கேட்டார் தனபாலன் அண்ணன், மிகவும் கவலையாக.

"பவுடர் இல்லாதது. எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நானே செக் பண்ணினது."

பட்டு வேட்டியும் நீல ரப்பர் கையுறையுமாக அவர் அந்தப் பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பை விரல் நுனியால் நெம்பித் திறந்தார். காசை விளிம்பில் மட்டும் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். என் உருப்பெருக்கிக் கண்ணாடியை நான் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். "இந்தப் பக்கம் செம்பருத்தி. நடுவுல இருக்கற மகரந்தத்தைக்கூட ஒண்ணொண்ணா செதுக்கியிருக்கான். இந்தப் பக்கம் இருவாட்சி. அலகு மேல கொம்பு மாதிரி இருக்கு பாருங்க. இறக்கைய விரிக்கப் போற நேரம். இன்னும் விரிக்கல."

"இருவாட்சியா?" என்றார் லெட்சுமி அக்கா. "நான் இத்தனை நாளா கிளின்னுலா நெனச்சிருந்தேன்."

"நீங்க பார்த்ததே இல்லியா?"

"வந்த அன்னிக்குப் பார்த்தேன். அப்புறம் அரிசித் தொட்டிக்குள்ள போட்டு வச்சிட்டேன்."

தனபாலன் அண்ணன் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு காசையும் கண்ணாடியையும் அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அக்கா ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"கண்ணு கூட இருக்கு" என்றார். "என்னையப் பார்க்குது."

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டார். "பிலோ, இத உருக்கணுமா?"

பத்தர் "குடுங்க" என்றார். நான்காவது தடவை.

எந்தத் தங்கத்துக்கும் மூச்சு விடாமல் விலை சொல்கிறவள் நான். உருக்குங்கள் என்றால் அந்தக் கண் போய்விடும். வேண்டாம் என்றால் அவர் இத்தனை வருடம் காத்தது திரும்ப அரிசித் தொட்டிக்குப் போகும். "எனக்குத் தெரியலக்கா" என்றேன். கவுண்டரில் நின்று நான் அப்படிச் சொன்னதே இல்லை.

பதில் தனபாலன் அண்ணனிடமிருந்து வந்தது.

"உருக்குங்க சம்பந்தியம்மா."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். என் கிட்ட பத்து இருக்கு. எல்லாம் பொட்டியில கிடக்கு. நான் கண்ண மூடினா இவ கொண்டுபோய் பிலோகிட்டதான் நிறுத்துப் போடுவா."

"மறுநாளே" என்றார் மல்லிகா அக்கா.

"அந்தப் பத்தையும் நான் காட்ட ஆளில்ல. இது ஒண்ணாவது என் மக கழுத்துல இருக்கட்டும். எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். என் செட்டு முழுசாயிடுச்சு சம்பந்தியம்மா."

அவர் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. காசை லெட்சுமி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வெறும் கையால், பறவையின் முகத்திலேயே கட்டைவிரலை வைத்து வாங்கிக்கொண்டார். தனபாலன் அண்ணன் முகம் ஒரு கணம் கோணலாகி நேரானது. அந்த மனிதரின் பொறுமைக்குத் தனியாக ஒரு நினைவு நாணயம் அடிக்கலாம்.

6. வழி தெரியாதவன்

அக்கா தினேஷின் கையில் காசை வைத்து, அவன் கையோடு சேர்த்துப் பத்தரிடம் கொடுத்தார். பத்தர் அதை மூசையில் வைத்து, தங்கம் இளக ஒரு சிட்டிகை வெங்காரப் பொடி தூவி, நெருப்பை ஏற்றினார். சுத்தத் தங்கம் உடனே இளகாது. முதலில் சிவக்கும். பிறகு விளிம்பு மட்டும் பளபளக்கும். செம்பருத்தி தெரிந்தது, தெரிந்தது, பிறகு தெரியவில்லை. கடைசியில் மூசையின் நடுவில் ஒரு சின்ன உருண்டை நின்று சுழன்றது. யாரோ குலவையிட்டார்கள். எனக்கும் ஒரு முழம் மல்லிகைப் பூ வந்தது, வழக்கம்போல் வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முனியாண்டி அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கு எப்போது பேச வேண்டும் என்பது தெரியாது.

"இனிமே இது தாலி. பஜாக்குல இப்ப வாங்குவான்லா."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை. கூட்டுக்குள் காசாக இருந்தவரைதான் அதை யாரும் வாங்க மாட்டேன் என்றார்கள். தாலியாகிவிட்டால் எந்தக் கடையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். லெட்சுமி அக்கா உருண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அதை முன்பே யோசித்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த தினேஷ் சொன்னான். "அந்தக் கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா."

சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் கடை தெரியாமல் இருக்காது. பள்ளிக்கூடப் பஸ் அதன் வாசலில்தான் நிற்கும். முனியாண்டி அண்ணன் மகனைப் பார்த்தார். "ஆமாய்யா" என்றார். "உனக்குத் தெரிய வேணாம்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அடுப்புச் சூடு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். லெட்சுமி அக்கா அழுதார். அவர் யாரிடமும் எந்தச் சூட்டையும் காரணம் சொல்லவில்லை.

அப்போதுதான் முதலாளி மைலோவோடு உள்ளே வந்தார். "முடிஞ்சுதா? கடைசியில என்னா சொன்ன பிலோ, கலெக்ஷனா, தங்கமா?" என்று என் காதில் கேட்டார். "மைலோவ ஆறவிடாதீங்க முதலாளி" என்றேன்.

பிள்ளைகளே, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். கவுண்டருக்கு வரும் நினைவு நாணயங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு நாம் தங்க விலைதான் கொடுப்போம், அதைத் தயங்காமல் சொல்லுங்கள். பெட்டி, சர்டிபிகேட் எல்லாவற்றையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். இது விலைமதிப்பில்லாத கலெக்ஷன் என்று யாராவது அடித்துப் பேசினால், "இதே மாதிரி இன்னொண்ணு வந்தா நீங்க வாங்கிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். தனபாலன் அண்ணன் மாதிரி ஆள் என்றால் உடனே கையை நீட்டுவார். மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஒதுக்கி, "இது எப்படிக்கா உங்க வீட்டுக்கு வந்திச்சு?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் விலை மாறாது. சில பேர் மட்டும் பதில் சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில் நிறுத்துவார்கள், காசை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார்கள், "இன்னொரு நாளைக்கு வாரேன்" என்று போய்விடுவார்கள். போகட்டும், கூப்பிடாதீர்கள். வியாபாரம் ஏன் போனது என்று முதலாளி கேட்டால், பிலோ அக்கா சொல்லித்தான் கேட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.